முன்பல்லின் மேல் ஒரு கறுப்புப் பெட்டி

நகரத்திலேயே பெரிய பல் டாக்டரின் முன்பல் ஒன்றை, அவர் பக்கத்தில்கூட இல்லாதபோது, நாற்காலியில் சாய்ந்தபடியே ஒற்றை விரலால் பிடுங்கியவன் நான். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. பல் விழுந்த அந்த நிமிஷமே வழக்கும் பாதி முடிந்தது. இதை நான் சொல்ல ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்துக்கொள்கிறது. போகட்டும், நடந்ததைச் சொல்கிறேன்.

துறைமுகச் சுங்கத்தில் பெட்டி திறந்து பார்ப்பதே என் உத்தியோகமாக இருந்தது. மூடிய பெட்டியைத் தட்டிப் பார்த்தே உள்ளே இருப்பது துணியா, பீங்கானா, பொய்யா என்று சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. தெரிந்தவர்களுக்குத் துப்பறிந்து கொடுக்கத் தொடங்கினேன். என் உதவியாளர் என் சம்பந்தியம்மா, அதாவது என் மகளின் மாமியார். மாடியில் நான் தனியாக இருக்கிறேன். கீழ் வீட்டில் மகள், மாப்பிள்ளை, சம்பந்தியம்மா.

சம்பந்தியம்மாவுக்கு இரண்டே பொழுதுபோக்கு. ஒன்று, கூடத்து மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் சீட்டாடுவது. முதுகு குண்டாகவும் முகம் சதுரமாகவும் இருக்கும் அந்தக் காலத்துத் திரை. எடைக்குப் போட்டால் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு இடுப்பு போய்விடும். ஒரு முறை மகளின் லேப்டாப் பழுதானபோது அதில்தான் தன் மென்பொருளை ஏற்றி வேலை பார்த்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு வேடிக்கை பார்த்தார். சம்பந்தியம்மாவின் இன்னொரு பொழுதுபோக்கு, நான் சொல்வதை நம்பாமல் இருப்பது. இரண்டாவதில்தான் அவருக்குத் திறமை அதிகம்.

இந்த முறை வழக்கு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. என் மகள் வெப்சைட் வடிவமைப்பவள். அந்தப் பெரிய பல் டாக்டருக்கு ஒரு வெப்சைட் செய்தாள். முகப்புப் பக்கத்தின் வலப்புறம் டாக்டரின் தலை, பூசணிக்காய் அளவுக்கு, பல் அத்தனையும் தெரிகிற சிரிப்போடு. இடப்புறம், அவர் வாய்க்கு நேர் வரிசையில், முன்பதிவு செய்யும் தொலைபேசி எண், கொட்டை எழுத்தில். வெளியிட்ட அன்று காலை பார்த்தால் எண்ணின் மேல் ஒரு கறுப்புப் பெட்டி. கட்டைவிரல் அளவுதான். ஆனால் எண்ணில் இரண்டு இலக்கங்களை விழுங்கிவிட்டது. ஒருவர் திரையில் இந்த இரண்டு, இன்னொருவர் திரையில் அந்த இரண்டு. மறைந்த இலக்கங்களை ஊகித்து அழைத்தவர்களில் பலர் ஒரு டயர் கடையில் போய் விழுந்தார்கள். கடைக்காரர் மத்தியானம்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கடைவாய்ப் பல் வலி என்றவர்களிடம், வாங்க, என்கிட்டேயும் இடுக்கி இருக்கு என்று சொல்லிவிட்டாராம்.

சிரிப்பு அதோடு சரி. மகளின் முதலாளி அவளை அலுவலகக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, திரையில் இருக்கும் எண்ணைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். கறுப்புப் பெட்டி வந்த இடத்தில் நின்றாள். மறுபடி படி என்றார். மறுபடி நின்றாள். அதன் பிறகு, கவனம் இல்லாதவளுக்கு இங்கே இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். போதாததற்கு, இந்தத் தொழிலில் இருக்கும் மற்ற அலுவலகங்களுக்கும் ஃபோன் செய்து அவளை எடுக்காதீர்கள் என்று சொல்லிவைத்தார். கோப்பு அவளுடைய லாகினில் இருந்துதான் மாற்றப்பட்டிருந்தது. அவருக்கு அது போதும்.

அன்றிலிருந்து மகள் லேப்டாப்பைத் தொடவில்லை. கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். "நான் அந்த மாதிரி பெட்டி போடவே மாட்டேன்பா."

அவள் கேட்டுப் போன இடமெல்லாம் கதவைச் சாத்திய பிறகு, ஒரு நாள் கீழ் வீட்டுச் சமையலறையில் வைத்து நான் சபதம் செய்தேன். எவன் செய்தானோ அவனை அதே கூடத்தில், அதே ஆட்கள் முன்னால் நிற்க வைத்து அவன் வாயாலேயே சொல்ல வைப்பேன் என்றேன். அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மா, அது பத்தாது என்றார்.

"நிக்க வெச்சா போதுமா? அவன் ஜென்மத்துக்கும் வாயத் தொறந்து சிரிக்கக் கூடாது சம்பந்தி. என் மருமக மூஞ்சியப் பாக்க முடியல."

மாப்பிள்ளை அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க வந்தார். ஏசி பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர், சாதுவான மனிதர், சிரித்தால் முன்பல் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு படி வெள்ளையாக இருக்கும். சின்ன வயதில் பந்து பட்டு விழுந்து, கட்டிக்கொண்ட பல் என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். அன்று அவர் சிரிக்கவில்லை. தண்ணீரையும் முழுதாகக் குடிக்கவில்லை. மனைவிக்கு நேர்ந்ததை நினைத்து மனம் உடைந்திருக்கிறார் என்று நான் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

எனக்கு ஒரே சந்தேகம்தான். மகளின் இருக்கையில் இப்போது ஒரு குறுந்தாடி உட்கார்ந்திருந்தான். அவளுக்குக் கீழே வேலை பார்த்தவன். அவள் சாப்பிடப் போகும்போது அவள் கம்ப்யூட்டர் திறந்தே கிடக்குமாம். வேறு என்ன வேண்டும்? மறுநாளே அலுவலகத்துக்குப் போனோம். வழியெல்லாம் அந்தத் தாடியை எந்தப் பக்கத்திலிருந்து பிடித்து இழுப்பது என்று நான் விவரித்துக்கொண்டு வந்தேன்.

"மொதல்ல அங்க நம்மள உள்ள விடறாங்களான்னு பாப்போம். தாடிய அப்புறம் இழுக்கலாம்" என்றார் சம்பந்தியம்மா.

உள்ளே விட்டார்கள். முதலாளி என்னிடம் பேசியதைவிடத் தன் கைக்கடிகாரத்திடம்தான் அதிகம் பேசினார். அந்தக் கோப்பின் பிரதியை அவர் பத்திரமாக வைத்திருந்தார். கவனக்குறைவுக்கு உதாரணமாகப் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குக் காட்டுகிறாராம். அதைக் கேட்டதும் என் காது மடல் சுட்டது. குறுந்தாடியின் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, தன் கண்ணாடி அறையின் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

திரை ஜமுக்காளம் போல அகலம். டாக்டர் சிரித்தார். எண்ணின் மேல் கறுப்புப் பெட்டி, கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது.

சம்பந்தியம்மா குறுந்தாடியிடம் ஒரு கேள்வி கேட்டார். பக்கத்துல இருக்கற எழுத்தெல்லாம் ஒழுங்கா வரிசையா இருக்கு, இது மட்டும் ஏன் யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளி மாதிரி நிக்குது என்று. குறுந்தாடிக்கு எங்களைப் பிடிக்கவில்லை; ஆனால் தொழிலைப் பற்றிக் கேட்டால் பேசாமல் இருக்க முடியாத ரகம். வெப்சைட் பக்கத்தில் ஒரு பொருளை வைக்க இரண்டு வழி என்றான். ஒன்று, மற்றவற்றோடு சேர்ந்து ஓடுகிற மாதிரி வைப்பது. திரை அகலமானால் எல்லாம் சேர்ந்து நகரும். இன்னொன்று, இடது ஓரத்திலிருந்து இவ்வளவு, மேலிருந்து இவ்வளவு என்று அளந்து ஆணி அடித்துவிடுவது. மென்பொருளில் மவுஸால் ஒரு பெட்டி வரைந்தால் போதும், அதுவே ஆணியை அடித்துக்கொள்ளும். பக்கம் எப்படி நகர்ந்தாலும் அந்தப் பெட்டி நகராது.

"அதனாலதான் தெரிஞ்சவங்க யாரும் எழுத்து மேல இப்படி வரைய மாட்டாங்க. நம்ம திரையில சரியா தெரியும். அடுத்தவன் திரையில வேற எங்கயாவது போய் உக்காரும்" என்று சொல்லி, பக்கம் தெரிந்த விண்டோவின் வலது ஓரத்தைப் பிடித்துக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் காட்டினான்.

எழுத்து, எண், டாக்டரின் தலை எல்லாம் மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தன. கறுப்புப் பெட்டி மட்டும் அசையவில்லை.

எனக்கு உள்ளங்கை அரித்தது. துறைமுகத்தில் பெட்டிக்கு இரட்டை அடித்தட்டு இருந்தால் இதே அரிப்புதான் வரும். அவன் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கி, நாற்காலியில் சாய்ந்து, விண்டோவின் ஓரத்தை ஒற்றை விரலால் இன்னும் உள்ளே தள்ளினேன். எண் முழுதும் பெட்டிக்கு அடியிலிருந்து நழுவி வெளியே வந்தது. இன்னும் தள்ளினேன். டாக்டரின் காது பெட்டிக்கு அடியில் போனது. கன்னம் வந்தது. உதட்டோரம் வந்தது. இன்னும் ஒரு நூல்.

டாக்டரின் முன்பல் விழுந்தது.

அச்சு அசலாக. மேல் வரிசையில் வலது முன்பல்லின் மேல், ஈறு தொடங்கும் இடத்திலிருந்து நுனிவரை, கறுப்புப் பெட்டி கச்சிதமாகப் பொருந்தி நின்றது. நகரத்திலேயே பெரிய பல் டாக்டர் ஓட்டைப் பல்லோடு எங்களைப் பார்த்துச் சிரித்தார். சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். குறுந்தாடியே சிரித்துவிட்டான். பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம்.

அது கவனக்குறைவு இல்லை. எவனோ டாக்டரின் பல்லைக் குறி வைத்து வரைந்திருக்கிறான். அவன் திரையில் பல் விழுந்தது. மற்றவர்கள் திரையில் எல்லாம் பக்கம் நகர்ந்து, பெட்டி எண்ணின் மேல் நின்றுவிட்டது. தன் திரையில் சரியாக இருந்தால் உலகத்துத் திரையிலெல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பிய ஒரு மடையன்.

நான் குறுந்தாடியின் தோளில் கையை வைத்தேன். இந்தத் தருணத்துக்காக நான்கு பக்க வசனம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முதல் வரியிலேயே அவன் கையை எடுத்துவிட்டான்.

"சார், என் திரைய முழுசா விரிச்சா பெட்டி எண் மேல விழுது. இங்க இருக்கற எல்லாத் திரையும் இதே அகலம். பல்லு மேல வரையணும்னா நான் விண்டோவ இப்படிப் பாதியா சுருக்கி வெச்சு வேலை பாத்திருக்கணும். யாரு பாப்பாங்க அப்படி?"

முதலாளியின் திரையிலும் பார்த்தோம். வரவேற்பறையிலும் பார்த்தோம். எங்கேயும் பல் விழவில்லை. என் நான்கு பக்க வசனமும் தொண்டையிலேயே காய்ந்தது. குறுந்தாடி, கொஞ்சம் வெற்றிக் களிப்போடு, பல் சரியாக விழுகிற அகலத்தை அளந்து பார்த்தான். பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினான்.

"இது அந்தக் காலத்து சதுரத் திரையோட அகலம். பின்னாடி குண்டா இருக்குமே, அது. இப்ப யாரு வீட்டுல இருக்கப் போகுது அதெல்லாம்?"

நான் சம்பந்தியம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். கோப்பின் பிரதியைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு முதலாளியின் கண்ணாடி அறைக்குப் போய், சாயங்காலத்துக்குள் ஆள் யார் என்று சொல்கிறேன், நீங்கள் எல்லோர் முன்னாலும் என் மகளிடம் மன்னிப்புக் கேட்கத் தயாராகிக்கொள்ளுங்கள் என்று முழங்கிவிட்டு வந்தேன். பெயர் தெரியாமலேயே நாள் குறித்துவிட்டேன்.

திரும்பி வரும்போது, சதுரத் திரை வைத்திருக்கிற ஆட்களைப் பட்டியல் போட்டுக்கொண்டே நடந்தேன். அடகுக் கடைகள், பழைய சாமான் கிடங்குகள், ஒரு கப்பலின் மாலுமி அறை. சம்பந்தியம்மா ஒரு நையாண்டிகூடச் செய்யவில்லை. நான் மாலுமியை ஒற்றைக் கண்ணனாக்கினேன். அதற்கும் பதில் இல்லை. என் மாலுமிக்கு ஒற்றைக் கண் என்று சொல்லி, அதை அந்தப் பெண்மணி சும்மா விட்டால் ஏதோ தலை போகிற விஷயம். அப்போதுதான் எனக்குக் கூடத்து மூலை ஞாபகம் வந்தது. கால் தானாக வேகம் பிடித்தது. அவர் என்னைவிட வேகமாக நடந்தார்.

வீட்டுக்குள் அவர்தான் முதலில் நுழைந்தார். போய்க் கம்ப்யூட்டர் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"கரண்ட் இல்ல" என்றார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

நான் பென் டிரைவை நீட்டினேன். அதைப் பார்த்தார். பிறகு ஒதுங்கி வழி விட்டார். அந்தக் கிழட்டு யந்திரம் முனகிக்கொண்டு விழித்தது. பக்கத்தைத் திரை முழுக்க விரித்தேன். விரலைக்கூட அசைக்க வேண்டியிருக்கவில்லை. டாக்டர் ஓட்டைப் பல்லோடு நேராக எங்கள் கூடத்துக்குள் சிரித்தார்.

"சரி. நான்தான் செஞ்சேன். போய்ச் சொல்லிக்கோங்க" என்றார் சம்பந்தியம்மா.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். டாக்டர் மூஞ்சி பிடிக்கவில்லை என்றார். அப்படியானால் இன்னொரு பெட்டி வரைந்து காட்டுங்கள் என்று மவுஸைக் கொடுத்தேன். வாங்கினார். திரையெல்லாம் தேடினார். கடைசியில் சீட்டாட்டத்தைத்தான் திறந்தார். ஏழு சீட்டும் வரிசையாக வந்து விழுந்தன. அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"பந்தும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல சம்பந்தி. சொத்தை இருந்தது பக்கத்துப் பல்லுல. இந்த டாக்டரு நல்ல பல்லப் பிடுங்கி என் பையன் கையில குடுத்துட்டு, ஒரு வார்த்தை மன்னிப்புக்கூடக் கேக்கல. கல்யாணப் பேச்சு நடக்கறப்போ இத எப்படிச் சொல்றது? பந்துன்னு சொல்லிட்டோம்."

எனக்குச் சட்டென்று வாயில் வந்தது என்ன தெரியுமா? பல் விஷயத்தை மறைத்துத்தான் பிள்ளையைக் கட்டி வைத்தீர்களா என்பதுதான். நல்ல வேளை, விழுங்கிவிட்டேன். அதே வலது முன்பல். தன் பல்லைப் பிடுங்கியவரின் பல்லைத் திரையில் பிடுங்கியிருக்கிறார். மனைவியின் லாகின் இந்தக் கம்ப்யூட்டரிலேயே பதிந்து கிடந்திருக்கிறது. வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொண்டது பெட்டி வரைவது ஒன்றுதான். அதை மட்டும் செய்துவிட்டு எழுந்து போயிருக்கிறார் மாப்பிள்ளை.

அவர் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினார். திரையைப் பார்த்தார். உள்ளறையிலிருந்து மகளும் எழுந்து வந்து கதவருகில் நின்றாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். அலுவலகத்தையும் ஒற்றை விரலையும் பல் விழுந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். கொஞ்சம் சேர்த்தும் சொல்லியிருப்பேன், பழக்கம்.

"மாமா கதை கட்டறதப் பத்தி நமக்குத் தெரியாதா?" என்று மனைவியைப் பார்த்துச் சிரிக்க முயன்றார் மாப்பிள்ளை. "விண்டோவ இழுத்தா பல்லு விழுமா? எந்தத் திரையிலயும் எதையாவது இழுத்தா எதுலயாவது போய் விழத்தான் செய்யும். அம்மாவும் கூடத்தான போனாங்க. அப்படி ஒண்ணும் நடக்கல. இல்லம்மா?"

சம்பந்தியம்மா மகனைப் பார்க்கவில்லை.

மகள் சத்தம் போடவில்லை. "தினமும் என் பக்கத்துலதான உக்காந்து சாப்பிட்டீங்க. வேற எடத்துல கேட்டுப் பாரேன்னு நீங்கதான சொன்னீங்க. ஒவ்வொரு எடத்துலயும் கதவைச் சாத்தினாங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே" என்றாள்.

மாப்பிள்ளையின் சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு நாளைக்கு அந்த ஆளைப் பார்த்து ஊரே சிரிக்கட்டும் என்றுதான், என்று ஏதோ முணுமுணுத்தார். உடனே, நான் சொன்னது அதில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று மாற்றிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து என் ஃபோன் அடித்தது. முதலாளி. நான்தான் சாயங்காலம் என்று முழங்கிவிட்டு வந்தேனே. ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்து மேசையில் வைத்தேன்.

"சொல்லுங்க சார், யாரு அந்த ஆளு?" என்றது குரல். எதிரே உட்கார்ந்துகொண்டு காலாட்டுவது போலவே இருந்தது.

எத்தனை நாளாக இந்த நிமிஷத்தை மென்றுகொண்டிருந்தேன். பெயரைச் சொல்லி, அவன் தலை குனிவதைப் பார்த்து, ஒரு காபி குடிக்க வேண்டும் என்று இருந்தேன். வாயைத் திறந்தேன். எதிரில் மாப்பிள்ளை, பக்கத்தில் அவரைப் பெற்றவள், கதவருகில் என் மகள். பெட்டி ஒன்று, பல் ஒன்று, திரை சதுரம் என்று உளறினேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நிஜக் கதையை என்னால் நம்பும்படி சொல்ல முடியவில்லை.

"பல்லு விழுந்துச்சா? சார், வயசான காலத்துல எதுக்கு இந்தக் கதையெல்லாம்? உங்க பொண்ணு செஞ்ச தப்பு, அவ்வளவுதான். நான் வெச்சிடறேன்."

சம்பந்தியம்மா எழுந்தார். மாப்பிள்ளை "அம்மா" என்று அவர் கையைப் பிடித்தார். அவர் அந்தக் கையை எடுத்து, அது வேறு யாருடையதோ போல, நாற்காலிக் கைப்பிடியின் மேல் வைத்தார். மேசையருகில் வந்து ஃபோனுக்கு முன்னால் குனிந்தார்.

"வெக்காதீங்க. நான் அவரோட சம்பந்தி பேசறேன். இந்த மனுஷன் சொல்றதுல முக்காவாசிய நான் எப்பவும் கழிச்சிடுவேன். காலையில உங்க ஆபீசுக்கு அவர்கூட வந்ததும் வேடிக்கை பாக்கத்தான்."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"இதுல கழிக்க ஒண்ணுமில்ல. என் ரெண்டு கண்ணால பாத்தேன், பல்லு விழுந்துச்சு. என் வீட்டுக் கம்ப்யூட்டர்லயும் விழுந்துச்சு. வரைஞ்சது என் பையன். என் மருமகளுக்கு இதுல ஒண்ணுமே தெரியாது." மகனைத் திரும்பிப் பார்த்தார், பார்த்துக்கொண்டே ஃபோனுக்குச் சொன்னார். "நாளைக்குக் காலையில எல்லாரையும் அந்தக் கூடத்துல நிக்கச் சொல்லுங்க. அவளப் படிக்க வெச்சீங்களே, அதே எடத்துல இவன் நின்னு சொல்லுவான். நான் கூட்டிட்டு வரேன்."